மூன்றடுக்கு உரப்பானை: பானையை வாங்குங்கள், பொடியை விட்டுவிடுங்கள்

சமையலறைக் குப்பையை வீட்டிலேயே மட்க வைக்க என்று விற்கிறார்களே மூன்றடுக்குச் சுட்டமண் பானை, அது நல்ல பொருள். நாலு பேர் உள்ள வீடு, கொஞ்சம் காற்று வரும் பால்கனி, இவ்வளவு இருந்தால் தாராளமாக வாங்கலாம். அதோடு சேர்த்து நம் தலையில் கட்டுகிற நுண்ணுயிர்ப் பொடி, வாடை போக்கும் தெளிப்பான், 'மக்கும்' பைக்கட்டு எதுவும் வேண்டாம். அவசரக்காரர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம், மீதியெல்லாம் ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதுதான்.

இந்த அடுக்குப் பானையை நாடறியச் செய்தது பெங்களூரின் டெய்லி டம்ப், பூனம் பீர் கஸ்தூரி 2006இல் தொடங்கியது. அதைப் பார்த்துப் பல ஊர்களில் சின்னச் சின்ன விற்பனையாளர்கள் தங்களுக்குத் தோன்றிய மாதிரி குயவர்களிடம் சொல்லிச் செய்து விற்கிறார்கள். நான் வாங்கியது டெய்லி டம்ப் பானை அல்ல, சென்னையிலேயே வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுக்கும் ஒருவரிடம் வாங்கியது. பெயர் சொல்லப் போவதில்லை, கீழே கொஞ்சம் திட்டியிருக்கிறேன், தவிர அந்தக் குறைகள் அவர் ஒருவருடையது மட்டும் என்றும் நான் நினைக்கவில்லை. பானை மட்டும் என்றால் 2,600 ரூபாய். பொடி, பை, தெளிப்பான், கைமண்வாரி எல்லாம் சேர்ந்த 'முழு கிட்' 3,900. வைக்கோல் சுற்றி ஒழுங்காக வந்தது, மூடி விளிம்பில் மட்டும் ஒரு சில்லு பெயர்ந்திருந்தது. படம் அனுப்பினேன், மறுபேச்சில்லாமல் வேறு மூடி அனுப்பிவிட்டார். அதற்கு முழு மதிப்பெண்.

அமைப்பு எளிது. ஒன்றன்மேல் ஒன்று உட்காரும் மூன்று பானை, மேலே மூடி, பக்கவாட்டில் காற்றுத் துளைகள். கீழ்ப் பானைக்கு மட்டும்தான் அடி உண்டு. மேல் இரண்டுக்கும் அடிக்குப் பதில் குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு, அதன்மேல் இரண்டு மூன்று தாள் செய்தித்தாள் விரித்துவிட்டுக் குப்பை போட ஆரம்பிக்க வேண்டும். மேல் பானை நிறைந்ததும் அதை நடுவுக்கு இறக்கி, நடுவில் இருந்த காலிப் பானையை மேலே ஏற்றிக்கொள்கிறோம். அதுவும் நிறைவதற்குள் முதல் பானையில் இருப்பது பாதிக்கு மேல் அமுங்கி, கறுத்து, கீழே தள்ளும் பக்குவத்துக்கு வந்துவிடுகிறது. கீழே கிடந்து முழுசாக மட்கும். ஆள் கையால் கிளறிவிடுவது, தூக்கி மாற்றுவது இரண்டும் நம் வேலை, நிறைந்த பானை நல்ல கனம், முட்டி வலி முதுகு வலி உள்ளவர்கள் தனியாகச் செய்யக்கூடாது. இதை எந்த விற்பனையாளரும் சொல்வதில்லை. கயிறு பற்றியும் ஒரு வார்த்தை: இவர் கட்டித் தந்தது தேங்காய்நார்க் கயிறு. அதுவும் மட்கும் பொருள்தானே, ஒரு சுற்று முடிவதற்குள் நைந்து அறுந்து மேல் அடுக்கு மொத்தமும் தொபீரென்று கீழே இறங்கிவிட்டது. நைலான் கயிறு வாங்கிக் கட்டினேன். சுற்றுச்சூழலுக்காக வாங்கின பானைக்குள்ளே நைலானா என்று வீட்டில் கேலி, இருக்கட்டும், அது அறுந்து விழாது.

எதற்காக வாங்கினேன் என்றால், எங்கள் வீடு எம்.கே.பி. நகர் பக்கம். கொடுங்கையூர் குப்பைக் கிடங்கு எந்தத் திசையில் இருக்கிறது என்று இங்கே கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம், காற்று அடித்தால் போதும். பல பத்தாண்டுகளாகக் கொட்டின குப்பை, 66 லட்சம் டன்னுக்கு மேல் என்று கணக்குப் போட்டு, இப்போது தோண்டிச் சலித்துப் பிரிக்கும் பயோமைனிங் வேலை நடக்கிறது. அது ஒரு பக்கம் நடக்க, அங்கேயே எரிஉலை வைத்துக் குப்பையிலிருந்து மின்சாரம் எடுக்கும் திட்டம் இன்னொரு பக்கம். மணலி, எண்ணூர் என்று ஏற்கெனவே ஆலைப்புகை சுவாசிக்கிற ஜனம், இதையும் சேர்த்துச் சுவாசிக்க முடியாது என்று வட சென்னைக் குடியிருப்போர் நலச்சங்கங்கள் ஒன்றுசேர்ந்து 2025 மே மாதம் மனிதச் சங்கிலி நடத்தின. சென்னையில் ஒரு நாளைக்கு 5,000 டன்னுக்கு மேல் குப்பை சேருகிறது, ஏறக்குறைய பாதி ஈரக் குப்பை. அதை உலையில் போட்டால் முதலில் அதிலுள்ள தண்ணீரைக் காயவைக்கவே வெப்பம் செலவாகும், கிடங்கில் கொட்டினால் காற்றுப் படாமல் அழுகி மீத்தேன் ஆகும். நூறாண்டுக் கணக்கில் மீத்தேன் கரியமில வாயுவைவிட 28 மடங்கு சூடேற்றும் என்பது ஒருபுறம் இருக்க, பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு அது தீப்பிடிக்கும் வாயு. 2022 ஏப்ரலில் பெருங்குடிக் கிடங்கு நாள்கணக்கில் எரிந்ததே, பள்ளிக்கரணை சதுப்புநிலத்தை ஒட்டி, அதே வருஷம் ராம்சர் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில், இடம்பிடித்த சதுப்புநிலம் அது.

இந்த மாதிரிக் கூட்டம் எது நடந்தாலும் யாராவது ஒருவர் எழுந்து, "எரிஉலை வேணாம்னு சொல்றீங்களே, உங்க வீட்டு வாழைப்பழத் தோலை என்ன பண்றீங்க?" என்று கேட்டுவிடுவார். பாதி விஷமமான கேள்வி. ஒரு பானை ஒரு உலையை நிறுத்தாது, அந்த மயக்கம் எனக்குக் கிடையாது. ஆனால் பிரித்து வாங்குங்கள், ஈரக் குப்பையை வார்டு அளவிலேயே மட்க வையுங்கள் என்று மாநகராட்சியிடம் கேட்கிறவர்கள், அது மட்கும், நாறாது, இதோ பாருங்கள் என்று ஒரு கைப்பிடி எடுத்துக் காட்ட முடிந்தால் நல்லது இல்லையா. அந்தக் கணக்கில்தான் வாங்கினேன்.

சரி, எப்படி வேலை செய்கிறது? சூட்சுமம் முழுக்க ஈரத்துக்கும் சருகுக்கும் உள்ள விகிதத்தில்தான் இருக்கிறது. நுண்ணுயிர்கள் நன்றாக வேலை செய்ய ஒரு பங்கு நைட்ரஜனுக்கு 25 முதல் 30 பங்கு கார்பன் வேண்டும். காய்கறித் தோலில் நைட்ரஜன் அதிகம், காய்ந்த இலை, தென்னை நார்த்தூள், மரத்தூள் இவற்றில் கார்பன் அதிகம். வீட்டில் தராசு வைத்து அளக்க முடியாது, அளக்கவும் வேண்டாம்: ஒரு கிண்ணம் குப்பை போட்டால் மேலே ஒரு கிண்ணம் சருகோ நார்த்தூளோ போட்டு, பழையது கண்ணுக்குத் தெரியாதபடி மூடிவிட வேண்டும். வாரம் இருமுறை கிளறல். உள்ளிருந்து ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு வரலாம், ஒழுகினால் ஈரம் அதிகம், சொட்டே இல்லாமல் உதிர்ந்தால் தண்ணீர் தெளிக்க வேண்டும். இவ்வளவுதான் கலை. அழுகின முட்டை நாற்றம் வந்தால் காற்றுப் போகவில்லை, அமோனியா நெடி வந்தால் சருகு போதவில்லை. இரண்டுக்கும் மருந்து கிளறுவதும் சருகும்தான், தெளிப்பான் அல்ல. ஒழுங்காக மூடிவைத்தால் வாடை வரவே வராது, மழை பெய்த மண் வாசனைதான் வரும். இதை நம்பாத என் மாமியார் மூடியைத் திறந்து குனிந்து மோந்து பார்த்துவிட்டு "பரவால்லையே" என்றார், அவர் வாயிலிருந்து அது பெரிய பாராட்டு.

அப்புறம் புழு. இந்தப் பானையை வாங்கினவர்களில் பாதிப் பேர் கைவிடுவது இந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். மூடியைத் திறந்தால் சாம்பலும் பழுப்புமாக, தட்டையாக, விரல் நுனி நீளத்தில் புழுக்கள் கூட்டமாக நெளியும். பார்க்க அருவருப்பாகத்தான் இருக்கும். அவை ஹெர்மீசியா இலூசென்ஸ் என்ற ஈயின் புழுக்கள், கறுப்பாக, குளவி சாயலில் இருக்கும் ஒரு ஈ. வளர்ந்த ஈ நம் சாப்பாட்டில் வந்து உட்காராது, சில நாள் உயிரோடிருந்து முட்டையிட்டுப் போய்விடும். கடிக்காது, கொட்டாது. அதன் புழு இருக்கும் இடத்தில் வீட்டு ஈயின் புழு பெருகுவது குறைவு. உண்மையில் குப்பையை வேகமாக அமுக்குவது இவைதான், உலகத்தில் பல இடங்களில் இவற்றைப் பண்ணை வைத்து வளர்த்துக் கோழிக்கும் மீனுக்கும் தீவனமாக்குகிறார்கள். கூட்டுப்புழுவாகும் நேரத்தில் காய்ந்த இடம் தேடி வெளியே ஏறிவரும், பால்கனித் தரையில் ஊர்ந்து போகும், அப்போதுதான் வீட்டில் அலறல். நான் கூட்டி ஒரு மூலையில் வைத்துவிடுவேன், மைனாவும் காக்கையும் வந்து முடித்துவிட்டுப் போய்விடும். விற்பனையாளரின் குறிப்புச் சீட்டில் இதைப் பற்றி இருந்தது ஒரே வரி: "புழு வந்தால் பொடியை இரட்டிப்பாக்கவும்". இது தவறான அறிவுரை, நல்ல வியாபாரம். புழு கூட்டம் கூட்டமாக வருகிறதென்றால் ஈரம் கூடுதல், குப்பை மூடப்படாமல் கிடக்கிறது, அவ்வளவுதான். சருகு போட்டு மூடினால் குறையும். முழுசாக ஒழிக்க வேண்டிய பூச்சி அல்ல அது. குட்டிக் குட்டிப் பழ ஈ வேறு விஷயம், அதற்கு மூடிக்கும் பானைக்கும் நடுவில் ஒரு பழைய பருத்தித் துணியைக் கட்டினால் போதும்.

இப்போது பொடி. ஒரு கிலோ 180 ரூபாய், எங்கள் மாதிரி வீட்டுக்கு மாதம் ஒன்றரை கிலோவாவது போட வேண்டும் என்கிறது சீட்டு. பையின் பின்னால் படித்துப் பார்த்தால் தென்னை நார்த்தூள், காய்ந்த சாணம், 'தேர்ந்தெடுத்த நுண்ணுயிர்கள்'. நார்த்தூளும் சாணமும் சரி, அவை வேலை செய்யும், அதற்கு இந்த விலை கிடையாது. நர்சரியில் 5 கிலோ நார்த்தூள் கட்டி ஒன்றை வாங்கி நனைத்தால் ஒரு பெரிய சாக்கு நிறைய உப்பிவிடுகிறது. நுண்ணுயிர் என்பது காய்த் தோலிலேயே இருக்கிறது, காற்றில் இருக்கிறது, சருகில் இருக்கிறது. முதல் முறை தொடங்கும்போது மட்டும் புளித்த மோர் ஒரு கரண்டி தண்ணீரில் கலந்து தெளிக்கலாம், கொஞ்சம் சாணிக் கரைசல் கிடைத்தால் இன்னும் நல்லது. அடுத்த சுற்றிலிருந்து முடிந்த உரத்தில் ஒரு கைப்பிடியை உறைமோர் மாதிரி எடுத்து வைத்துக்கொண்டு புதுப் பானையில் போட்டால் ஆயிற்று. ஒரு அடுக்கில் பொடியும் ஒரு அடுக்கில் பழைய உரமுமாகப் போட்டுப் பார்த்தேன், சலித்து எடுக்கையில் எது எது என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. விற்பனையாளருக்குப் போன் போட்டுச் சொன்னேன். "இல்ல மேடம், பொடி போடலன்னா உரத்துல சத்து இருக்காது மேடம்" என்றார். சத்து நாம் போடுகிற குப்பையில் இருந்து வருகிறது தம்பி, என்றேன். சிரித்துவிட்டு அடுத்த மாதப் பொடிக்குத் தள்ளுபடி இருக்கிறது என்றார்.

கிட்டில் வந்த 'மக்கும்' பைகளைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். இந்தப் பைகள் மக்கும் பிளாஸ்டிக்குக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 17088இன்படி சோதிக்கப்படுபவை. அந்தச் சோதனையே தொழிற்கூட உரக்கிடங்கின் வெப்பத்தை வைத்து, கிட்டத்தட்ட 58 டிகிரியில் நடப்பது. பால்கனிப் பானை அந்தச் சூட்டுக்குப் போகாது, உள்ளே கை வைத்தால் வெதுவெதுப்பு, அதிகபட்சம் அதுதான். அதனால் பையோடு போட்டால் உள்ளே உள்ளது மட்கி, பை மட்டும் நைந்த பாலிதீன் போலக் கிழிந்து கிழிந்து வருகிறது, பொறுக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். பையே வேண்டாம், எவர்சில்வர் கிண்ணத்தில் சேர்த்துக் கொண்டுபோய்க் கொட்டுங்கள். மட்காமல் அப்படியே திரும்பிவரும் இன்னொரு சாமான் ஆப்பிள் மேல் ஒட்டின ஸ்டிக்கர். சாமி படத்துப் பூமாலையிலும் வாழைநார் என்றால் கவலையில்லை, நூல் என்றால் கத்தரித்து எடுத்துவிட்டுத்தான் போட வேண்டும்.

நம் சமையலறையில் எது போகும், எது போகாது? காய்த் தோல், கீரைத்தண்டு, கறிவேப்பிலைக் காம்பு, டீத்தூள், காபிச் சக்கை, நொறுக்கின முட்டை ஓடு எல்லாம் அமோகமாகப் போகும். வாழையிலையைக் கிழித்துப் போட வேண்டும், முழுசாகப் போட்டால் பாய் விரித்த மாதிரி காற்றை அடைத்துக்கொள்ளும். முருங்கைக்காய்ச் சக்கை, பொங்கல் கரும்புச் சக்கை இரண்டும் மெதுவாகத்தான் மட்கும், நஷ்டமில்லை, காற்றோட்டத்துக்கு உதவும். மாங்கொட்டை மட்காது, முளைக்கும். தேங்காய் ஓடு, நுங்குக் கோம்பை வேண்டவே வேண்டாம். எலுமிச்சைத் தோல் கொஞ்சம். மீந்த சாம்பார், எண்ணெய்ப் பண்டம் வேண்டாம், உப்பும் எண்ணெயும் சேர்ந்து கெடுத்துவிடும்.

மீன் கழிவுதான் இந்தப் பானையின் பெரிய தோல்வி. ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டு மீன் வராத வீடு எங்கள் தெருவில் கிடையாது. செதில், குடல், இறால் ஓடு இவை மட்காதவை அல்ல, அருமையான உரம் ஆகக்கூடியவை. தரையில் குழி தோண்டிப் புதைக்க இடம் இருந்தால். மூன்றாம் மாடிப் பால்கனியில் இந்த அளவுப் பானையில் போட்டால் எவ்வளவு சருகு போட்டு மூடினாலும் இரண்டாம் நாள் தெருப் பூனைகள் மாநாடு நடத்தும். 'எல்லா சமையலறைக் கழிவும்' என்று விளம்பரத்தில் போடுகிறவர்கள் சைவ வீடுகளை மட்டும் மனதில் வைத்து எழுதியிருக்கிறார்கள். எங்கள் வீட்டு மீன் கழிவு இன்னமும் பச்சைத் தொட்டியில், பேட்டரி வண்டியில்தான் போகிறது.

பிளாஸ்டிக் தொட்டியில் செய்கிறவர்களும் உண்டு, விலை குறைவு, கனமும் குறைவு. அதில் தண்ணீர் கீழே தேங்கும், குழாய் திறந்து வடிக்க வேண்டும். மண்பானை அந்த ஈரத்தைத் தானே உறிஞ்சி வெளியே ஆவியாக விட்டுவிடுகிறது, நான் மண் பக்கம் சாய்வது அதனால்தான், அழகுக்காக இல்லை. அழகு என்றால், வெளிப்புறம் சீக்கிரமே வெள்ளையாக உப்புப் பூத்துவிடும், மழைக்காலத்தில் பச்சைப்பாசி படியும், விளம்பரப் படத்தில் உள்ள செங்காவி நிறத்தை எதிர்பார்க்காதீர்கள். பெருச்சாளி பிளாஸ்டிக்கைக் கடித்து ஓட்டை போடும், மண்ணில் அந்தத் தொல்லை இல்லை. மண்ணுக்கு எதிரி ஐப்பசி, கார்த்திகை. காற்றிலேயே ஈரம் நிற்கும்போது பானை உலர மாட்டேன் என்கிறது, சாரல் துளைவழியே உள்ளே போகிறது, சருகும் நமத்துப் போய்விடுகிறது. வடகிழக்குப் பருவமழைக்கு முன்னாலேயே ஒரு சாக்கு சருகோ நார்த்தூளோ காயவைத்துக் கட்டி உள்ளே வைத்துக்கொண்டால் சமாளிக்கலாம், இல்லாவிட்டால் மார்கழி வரை நிறுத்திவைப்பது நல்லது.

விளைவு என்ன என்றால், கொட்டின எடையில் கால் பங்கோ அதற்கும் குறைவாகவோ கறுப்பாக, உதிரியாக வருகிறது. நைட்ரஜன் ஒரு சதவீதம் சுற்றித்தான் இருக்கும், யூரியா மாதிரி அதிசயம் எதுவும் நடக்காது, மண் மட்டும் பொலபொலவென்று ஆகும், தண்ணீரைப் பிடித்துவைக்கும். மண்ணோடு கலந்துதான் போட வேண்டும், நேராக உரத்திலேயே நட்டால் செடி வாடும். பெரிய குவியல் அளவுக்குச் சூடு ஏறாததால் விதைகள் சாவதில்லை: மல்லிகைத் தொட்டியில் தக்காளி முளைக்கிறது, கற்றாழைத் தொட்டியில் பூசணி. தக்காளியை விட்டுவைத்தேன், காய்த்தது. மீதி உரம் கீழே வேப்பமரத்துக்கும், கேட்கிற அக்கம்பக்கத்தாருக்கும் போகிறது. செடியே இல்லாத வீடு என்றால் வாங்கும் முன்னால் இதை யோசித்துக்கொள்ளுங்கள், உரம் சேர்ந்துகொண்டே இருக்கும்.

பத்துப் பன்னிரண்டு வீடுள்ள அடுக்ககம் மொத்தத்துக்கும் இதை வாங்கி வரிசையாக வைக்கலாமா என்று எங்கள் சங்கத்தில் கேட்டார்கள். வேண்டாம் என்றுதான் சொன்னேன். அதற்குக் கம்பிவலை போட்ட பெரிய உரக்கூடு இரண்டு போதும், பானைக் கணக்கில் பாதிச் செலவு, சூடும் நன்றாக ஏறும். திடக்கழிவு விதிகளின்படி நாளொன்றுக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை போடும் இடங்கள் ஈரக் குப்பையைக் கூடியவரை தங்கள் வளாகத்திலேயே கையாள வேண்டும். எங்களைப் போன்ற சின்ன அடுக்ககத்துக்கு அந்தக் கட்டாயம் கிடையாது, ஆனாலும் பார்க்கிங்கில் ஸ்கூட்டர் நிற்கும் இடத்துக்கும் பம்ப் அறைக்கும் நடுவே கூடு வைப்பதைப் பற்றிப் பேச்சு நடக்கிறது. யார் கிளறுவது என்பதில் வந்து நிற்கிறது. வாட்ச்மேன் தலையில் கட்டலாம் என்று ஒருவர் சொன்னதற்கு, கூலி தனியாக யார் தருவது என்று வாட்ச்மேனே கேட்டார், நியாயமான கேள்வி.

வாங்குகிறவர்களுக்குச் சில: 'பானை மட்டும்' என்று அழுத்திக் கேளுங்கள், பட்டியலில் காட்டமாட்டார்கள், கேட்டால் தருகிறார்கள். சுண்டிப் பாருங்கள், கணீரென்று வர வேண்டும், மந்தமாக வந்தால் விரிசல். நடுப் பானை ஒன்று கூடுதலாகக் கிடைத்தால் வாங்கிவிடுங்கள், மாம்பழ சீசனில் உதவும், எனக்கு 750க்குத் தந்தார். சருகுக்கு மாநகராட்சிப் பூங்காவில் கூட்டுகிற அக்காவிடம் சொல்லிவைத்தால் சாக்கோடு கிடைக்கும், அவருக்கும் சுமை குறையும். தச்சுக் கடையில் மரத்தூள் வாங்குவதானால் முழு மரத்தை இழைத்த தூளா என்று கேட்டு வாங்குங்கள், பிளைவுட் அறுத்த தூளில் பசை இருக்கும், அதைப் பானைக்குள் போடாதீர்கள்.